பட்டதாரிச் சம்பளமும் கோலாலம்பூர் வாடகையும்



எனக்கு முன் பேசிய அன்பர், இன்றைய இளைஞர்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை, கைத்தொலைபேசிக்கும் காப்பிக்கும் செலவழித்துவிட்டுச் சம்பளம் போதவில்லை என்று புலம்புகிறார்கள் என்றார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் காப்பியே குடிக்காத ஒரு பிள்ளையின் கணக்கை இன்று உங்கள் முன் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

பட்டம் பெற்றுக் கோலாலம்பூரில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறார். சம்பளம் 2,300 வெள்ளி. பெரிய நிறுவனங்களில் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் சேருவது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 253 வெள்ளி. சொக்சோவும் வேலையிழப்புக் காப்புறுதியும் சேர்த்து ஏறக்குறைய 16 வெள்ளி. கைக்கு வருவது ஏறக்குறைய 2,030 வெள்ளி.

அறை வாடகை 600. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 22 வெள்ளி என்று வைத்தால் 660. காலையில் நாசி லெமாக், மதியம் கலவைச் சோறு, இரவில் ஏதோ ஒன்று, அவ்வளவுதான். ரயிலுக்கும் பேருந்துக்கும் மை50 பாஸ் 50 வெள்ளி. தொலைபேசிக்கு 50. பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு 150. வீட்டுக்கு அனுப்புவது 300. மொத்தம் 1,810. மிச்சம் 220 வெள்ளி. அந்த 220-க்குள்தான் சட்டை, காலணி, பல் வலி, ஊருக்குப் போய்வர பேருந்து, நண்பன் கல்யாணத்துக்கு மொய் எல்லாம் வர வேண்டும். இதில் எங்கே ஊதாரித்தனம் இருக்கிறது?

பேங்க் நெகாரா 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கோலாலம்பூரில் தனி ஆள் ஒருவர் கௌரவமாக வாழ 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி மாதம் 2,700 வெள்ளி வேண்டும் என்று கணக்கிட்டது. அது 2016. இன்னொரு பக்கம் பாருங்கள். தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆனது. அடிமட்டத் தொழிலாளிக்குச் சம்பளம் உயர்ந்தது நல்லது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பட்டதாரியின் தொடக்கச் சம்பளம் அந்த வேகத்தில் நகரவில்லை. மூன்று, நான்கு ஆண்டுகள் படித்ததற்கு விலை 600 வெள்ளி வித்தியாசம்தானா என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

மாதக் கணக்கை விட்டுவிடுவோம். உண்மையான இடி முதல் மாதத்தில் விழுகிறது. பல வீட்டு உரிமையாளர்கள் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். அது 1,200. முதல் மாத வாடகை 600. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகை, 300. ஆக 2,100 வெள்ளி. முதல் சம்பளத்தைக் காட்டிலும் 70 வெள்ளி அதிகம்! அந்தச் சம்பளமும் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? வீட்டில் வசதியுள்ள பிள்ளை அப்பாவைக் கேட்கும். தோட்டப்புறத்திலிருந்து முதல் பட்டதாரியாக வந்த பிள்ளை யாரைக் கேட்கும்? சிலருக்குக் கடன் வாழ்க்கை இங்கேதான் தொடங்குகிறது. ஆலோங் கும்பலின் கடன் அட்டை விளக்குக் கம்பத்திலேயே ஒட்டியிருக்கிறது.

நமக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அறை விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று எழுதுகிறார்கள். எழுதாதவர்களும் தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடன் அறை போய்விட்டது என்கிறார்கள். பத்து அறைகளில் நான்குதான் உங்களுக்குத் திறந்திருக்கிறது என்றால், நான்கில் மலிவானது கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது. நம் பிள்ளை தூரமாகப் போகிறார். அங்கே கேடிஎம் கொமுட்டர் ரயில்தான் வசதி என்றால் அதற்கு மை50 பாஸ் செல்லாது, தனியாகக் கட்டணம். ரயில் நிலையத்திலிருந்து அறைக்கு இரவில் கிராப். பெண் பிள்ளையாக இருந்தால் அந்தச் செலவை மிச்சம் பிடி என்று எந்தத் தாயும் சொல்லமாட்டார். தோலின் நிறத்துக்காக மாதம் நூறு, நூற்றைம்பது வெள்ளி கூடுதலாகக் கட்டுவது போலத்தான் இது.

இங்கே பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளை வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆவதற்குள் "கார் எப்போது வாங்கப் போகிறாய்?" என்று கேட்கிறோம். பக்கத்து வீட்டார் கேட்பதற்கு முன் நாமே கேட்டுவிடுகிறோம்! தவணை 500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் செலவு 50 மிச்சமானாலும் மாதம் 230 வெள்ளி பள்ளம். பெட்ரோல், டோல், காப்புறுதி, வாகன நிறுத்தக் கட்டணம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்தப் பள்ளத்தைக் கடன் பற்று அட்டைதான் நிரப்பும். ஏற்கெனவே அப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஏகேபிகே-யை நாடலாம். கடன் ஆலோசனைக்காக பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த நிறுவனம் அது; ஆலோசனை இலவசம்.

நெறியாளர் ஒரு கேள்வி எழுப்பினார்: "ஈப்போவிலேயே 1,900 வெள்ளிக்கு வேலை கிடைத்தால் இருந்துவிடலாமே?" பிடித்தம் போக ஏறக்குறைய 1,680 கைக்கு வரும். பெற்றோர் வீட்டில் தங்கி, வீட்டுக்கு 300, கல்விக் கடனுக்கு 150, மதியச் சாப்பாட்டுக்கு 250, மோட்டார் சைக்கிளுக்கு 200, தொலைபேசிக்கு 50 என்றால் மிச்சம் 730. கோலாலம்பூரின் 220-ஐ விட மூன்று மடங்கு. கணக்கு மட்டும் போட்டால் ஈப்போதான். ஆனால் கணினி, நிதி, பொறியியல் துறைகளில் இரண்டாவது, மூன்றாவது வேலைகள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. படித்த துறைக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். சம்பளம் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் பெட்டியைக் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு அதற்கு மேல் செய்யும் வேலைக்கு மிகுதி நேரச் சம்பளம் உண்டு, சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. "நீங்கள் அதிகாரி, உங்களுக்கு ஓவர்டைம் கிடையாது" என்று மேலாளர் சொல்வார். பதவியின் பெயர் பெரிதாக இருப்பதால் மட்டும் இந்த உரிமை போய்விடாது. 2,300 வெள்ளிக்கு ஒரு மணி நேரச் சம்பளம் ஏறக்குறைய 11; ஒன்றரை மடங்கு 16 வெள்ளி 50 காசு. தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வீடு திரும்பும் பிள்ளைக்கு, மாதம் 20 மணி நேரம் என்றாலும், 330 வெள்ளி வர வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுகிற 220-ஐ விட அது அதிகம்!

அதே சட்டத்தின்படி, வேலை நேரத்தையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வந்த நேரம், போன நேரம் இரண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யும் நிலை வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தக் குறிப்புதான்.