அன்றாடத்துக்கு அண்டா எதற்கு?

(தலைப்பு: அன்றாட ஓட்டத்திற்கு ஏற்றது பெட்ரோல் காரா? மின்சாரக் காரா?
மின்சாரக் கார் அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து புகைந்துகொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பெட்ரோல் புகையைச் சொன்னேன். அரங்கத்தில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. "சென்னையிலிருந்து மதுரைப் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போறோம். நடுவழியில சார்ஜ் தீர்ந்து போச்சுன்னா சாமியா வந்து தள்ளும்?" நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஆனா அம்மா, நான் தமிழ் வாத்தியார். எனக்குச் சொல் முக்கியம். தலைப்பிலே 'அன்றாட' என்று ஒரு சொல் இருக்கிறதே! குலதெய்வத்தை அன்றாடமா கும்பிடப் போறீங்க? (சிரிப்பு) வருஷத்துக்கு ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் வண்டி எங்கே போகுது? ஆபீஸ், பள்ளிக்கூடம், காய்கறிக் கடை. போக வர 30 கிலோமீட்டர்.

மகள் கல்யாணத்துக்கு 500 பேர் சாப்பிட வருவாங்க. அதுக்காக அண்டாவை விலைக்கு வாங்கி, தினமும் நாலு பேருக்கு அதிலயா உலை வைக்கிறோம்? அண்டாவை வாடகைக்கு எடுக்கிறோம். வீட்டுக்குக் குக்கர் வாங்குகிறோம். காருக்கு வந்தா மட்டும் ஏன் அய்யா அண்டாவிலேயே சமைக்கிறீங்க? (கைதட்டல்)

கணக்குக்கு வருகிறேன். தாய்மார்கள் கவனிக்கணும், வீட்டில் கணக்கு உங்க கையில்தான் இருக்கு. சின்ன பெட்ரோல் கார், ஊருக்குள்ளே லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது. 30 கிலோமீட்டருக்கு 2 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 200 ரூபாய். அதே அளவு மின்சாரக் கார், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று குறைத்தே வைக்கிறேன். 5 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் 50 ரூபாய். ஒரு நாளைக்கு 150 ரூபாய் மிச்சம். மாசத்துக்கு 25 நாள் ஓட்டினால் 3,750. வருஷத்துக்கு 45,000 ரூபாய்!

"வாங்கும்போதே விலை அதிகமாச்சே?" என்பார்கள். உண்மைதான். 3 லட்சம் அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வருஷத்துக்குள் அது திரும்பி வந்துவிடும். பாட்டரிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கிறார்கள். வரவு சிறிதானாலும் செலவின் வழி அகலக் கூடாது என்பது வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தரும் எச்சரிக்கை. பெட்ரோல் காரில் அந்த வழி அகலத் திறந்து கிடக்கிறது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மீதி சூடாகப் போய்விடுகிறது. 100 ரூபாய் கொடுத்து, 70 ரூபாய்க்கு மேல் சாலைக்கு வெந்நீர் போடுகிறோம்! (சிரிப்பு) அண்ணா சாலை சிக்னலில் நின்றால் எஞ்சின் சும்மாவே குடிக்கிறது. மின்சார மோட்டார் நின்றால் நின்றதுதான். அதுமட்டுமா? பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைப் பாட்டரிக்கே திருப்பித் தருகிறது. நெரிசல் பிடித்த ஊருக்கென்றே பிறந்த வண்டி அது.

"கரண்ட் போனால்?" என்று கேட்டார் எதிரணித் தம்பி. தம்பி, பெட்ரோல் பங்கிலே பம்ப் எதில் ஓடுது? (கைதட்டல்) இன்னொன்றும் சொல்கிறேன். 1899-லேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கார், மின்சாரக் கார். அந்தக் காலத்துப் பெட்ரோல் காரைக் கையால் சுற்றித்தான் கிளப்பணும்; கை முறிந்தவர்கள் உண்டு. 1912-ல் காடிலாக் காரில் ஒரு பாட்டரியையும் சின்ன மோட்டாரையும் வைத்து அதைத் தானாகக் கிளம்ப வைத்தார்கள். பெட்ரோல் கார் ஜெயித்ததே மின்சாரத்தின் தயவில்தான்!

எண்ணூரில் நிலக்கரி எரித்துத்தானே மின்சாரம் வருகிறது என்றார்கள். மறுக்கவில்லை. அந்தச் சாம்பலைச் சுவாசிக்கிற மக்களின் துயரம் நிஜம். ஆனா, பெட்ரோல் என்ன மல்லிகைத் தோட்டத்திலா விளையுது? பக்கத்து மணலியில்தானே சுத்திகரிக்கிறார்கள்! பெட்ரோல் கார் கடைசி நாள் வரை பெட்ரோலைத்தான் எரிக்கும். முப்பந்தலில் காற்றாலை கூடக் கூட, மின்சாரக் கார் நின்ற இடத்திலேயே சுத்தமாகும்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டில், வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இல்லாத குடும்பம் இருக்கிறது. வெளியே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் யூனிட்டுக்கு இரண்டு மடங்கு, அதற்கு மேலும் ஆகும். மிச்சம் குறையும், அலைச்சல் கூடும். அந்தக் குடும்பத்தை நான் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். அது காரின் குறையா? சுவரின் குறை! அடுக்குமாடிக் கூட்டத்தில் பெயிண்ட் நிறத்துக்கு மூன்று மணி நேரம் சண்டை போடுகிறோமே, ஒரு பிளக் பாயிண்ட்டுக்குக் கை தூக்கக் கூடாதா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே! அந்த 45,000 ரூபாய் ஒரு வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அதில் இருக்கிறது. ஒரு தாயின் வைத்தியச் செலவு இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் பயணத்துக்கு ரயில் இருக்கு, வாடகைக் கார் இருக்கு. மிச்ச நாளுக்குத் தீர்ப்புச் சொல்லுங்கள். அன்றாட ஓட்டத்திற்கு ஏற்றது மின்சாரக் காரே என்று கூறி அமர்கிறேன்.