உயில்: இல்லத்தின் அமைதிக்கு ஒரு காப்பு

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற குடும்பநலச் சொற்பொழிவின் உரை வடிவம்)

 

ஆலயத்தில் கொடியேறியிருக்கும் நன்னாளில் மரணத்தையும் சொத்தையும் பற்றிப் பேசலாமா என்னும் தயக்கம் சிலருக்கு எழக்கூடும். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். ஆயினும், ஒருவர் மறைந்தபின் செய்யவேண்டிய கருமாதியையும் ஆண்டுத் திதியையும் முறையாக வகுத்துக்கொண்ட சமுதாயம் இது. அத்திதி எந்த வீட்டில் நடைபெறும், அவருடைய மனைவி எந்தக் கூரையின்கீழ் வாழ்வார் என்பதை மட்டும் வகுக்காமல் விடுவது முறையாகுமா?

தோட்டப்புறத்தில் பிறந்து, நகரத்தில் லாரி ஓட்டி, உழைத்த பணத்தில் தாமான் ஒன்றில் வீடு வாங்கிய குடும்பத் தலைவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உயில் எழுதாமலேயே அவர் காலமாகிறார். மனைவியும், மூன்று பிள்ளைகளும், வயது முதிர்ந்த தாயும் இருக்கின்றனர். வீட்டின் மதிப்பு 360,000 வெள்ளி, கடன் ஏதுமில்லை. வீடு மனைவிக்குத்தானே என்று எல்லாரும் எண்ணுவர். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் முஸ்லிம் அல்லாதாருக்கு, 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டமே உயிலில்லாச் சொத்தைப் பிரிக்கிறது. அதன்படி மனைவிக்குக் கால் பங்கு, அதாவது 90,000 வெள்ளி. பிள்ளைகளுக்குப் பாதி, ஆளுக்கு 60,000 வெள்ளி. தாய்க்குக் கால் பங்கு, 90,000 வெள்ளி. பெற்றோர் இருவருமே இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும்.

பிள்ளைகள் இருக்கும்போதும் முதிய பெற்றோருக்குப் பங்குண்டு என்னும் ஏற்பாடு 1997-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் வந்தது. பெற்ற தாயை மறவாத அந்தத் திருத்தம் போற்றத்தக்கதே. ஆனால் அத்தாயும் சில ஆண்டுகளில் உயிலின்றி மறைந்தால் என்ன நேரும்? அவருடைய கால் பங்கில் மறைந்த மகனின் பிள்ளைகளுக்கு ஒரு பகுதி சேர, எஞ்சியது அவருடைய மற்ற மக்களுக்குச் சேரும். கணவரின் அண்ணன் தம்பியரும் அக்காள் தங்கையரும் அந்த வீட்டுக்குப் பங்காளிகளாகிவிடுவர். அவர்களில் ஒருவர் பணமுடையால் பங்கைக் கேட்டால், வீட்டை விற்பதா, கடன் வாங்கிக் கொடுப்பதா என்று அந்தக் கைம்பெண் கலங்க நேரும். ஒரே பந்தியில் அமர்ந்து அன்னதானம் உண்ட உறவுகள் முகம் பாராமல் போகும். இதில் கெட்டவர் எவருமில்லை. குடும்பத் தலைவர் தம் விருப்பத்தை எழுதி வைக்காமல் சென்றதே குறை.

அக்குறையை நீக்குவது அரிய செயலன்று. 1959-ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுடைய எவரும் உயில் எழுதலாம். அது எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும்; எழுதியவர் இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும்; சாட்சிகளும் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். உயிலால் பயன்பெறுபவரோ, அவருடைய கணவர் அல்லது மனைவியோ சாட்சியாக ஒப்பமிட்டால், உயில் நிற்கும்; அவருக்கு எழுதிய கொடை நிற்காது. உயில் எழுதியவர் பின்னர்த் திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் பொதுவாகச் செல்லாது. மறுமணம் செய்தோர் இதைக் கருத்தில் கொள்வது நன்று. மரண வரிக்கு அஞ்சவும் வேண்டா. அது 1991 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது.

ஊழியர் சேமநிதிப் பணம் உயிலின்படி செல்வதில்லை. அங்கே நியமனம் செய்யப்பட்டவருக்கே அது செல்லும். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் நியமித்தவர் அப்பணத்தைத் தமக்குரியதாகவே பெறுகிறார். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது தாயை நியமித்தவர், திருமணத்திற்குப் பின் அதனை மாற்றாமலிருந்தால், மனைவி மக்களுக்கு அப்பணத்தில் உரிமையிராது. நியமிக்கப்பட்டவர் முன்னரே மறைந்திருந்தால் அந்த நியமனமும் பயனற்றுப் போகும்.

திருமணப் பதிவும் இத்துடன் இணைந்ததே. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்படும். அதற்குப் பின் நடந்தவற்றுக்குப் பதிவு தேவை. ஆலயத்தில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட மனைவி, கணவர் மறைந்தபின் தம் உரிமையை நிலைநாட்டப் பெரும்பாடு படவேண்டியிருக்கும். பிள்ளைகளின் திருமணத்திற்கு நாள் குறிக்கும்போதே பதிவுக்கும் நாள் குறிப்பது பெற்றோரின் கடமையாகும்.

உயில் மறைவுக்குப் பின் பேசுவது. உயிருடன் இருக்கும் முதுமைக் காலத்திற்கும் பாதுகாப்புத் தேவை. பிள்ளைகள் மீதுள்ள பாசத்தால் வீட்டை உடனே அவர்கள் பெயருக்கு மாற்றிவிடும் பெற்றோர் உண்டு. மாற்றியபின் அந்த வீடு பிள்ளையின் சொத்து. பிள்ளை திவாலானாலோ, மணவாழ்வு முறிந்தாலோ அந்த வீடும் சிக்கலுக்குள்ளாகும். கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எளிதன்று. வாழும்வரை வீட்டைத் தம் பெயரில் வைத்துக்கொண்டு உயிலில் எழுதி வைப்பதே பலருக்குப் பொருத்தமாகும்.

நினைவு மங்கும் நோய் வந்தபின் உயில் எழுதினால், தெளிந்த மனத்துடன் எழுதப்பட்டதா என்னும் வழக்கு எழும். பிள்ளைக்குக் கொடுத்த சாதாரண அதிகாரப் பத்திரமும், கொடுத்தவர் மனநலம் குன்றியவரென்று தீர்மானிக்கப்பட்டால் முடிவுக்கு வந்துவிடும். அதன்பின் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தை நாடவேண்டும். சிங்கப்பூரில் நிலை வேறு. அங்கே 2010 மார்ச் முதல் நடைமுறையிலிருக்கும் மனத்திறன் சட்டத்தின்படி, ஒருவர் தெளிவாக இருக்கும்போதே, தமக்குத் திறன் குன்றினால் யார் முடிவெடுப்பது என்பதை நீடித்த அதிகாரப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யலாம். மலேசியாவில் இருப்போர் அறிவு தெளிவாக இருக்கும் காலத்திலேயே உயிலை முடித்துவைப்பது இதனால் இன்னும் இன்றியமையாததாகிறது.

ஆலயத்திற்கு எழுதி வைக்க விரும்பும் அடியார்களுக்கும் ஒரு சொல். ஆலயத்தின் பதிவுபெற்ற முழுப்பெயரை எழுதுதல் வேண்டும்; பொதுவாகக் "கோயிலுக்கு" என்று எழுதினால் குழப்பம் நேரும். அதைவிட முதன்மையானது, துணைவியின் உறைவிடத்தையும் உணவையும் உறுதிசெய்த பின்னரே திருப்பணிக்கு ஒதுக்குவது. இல்லாளைக் கலங்கவைத்துத் தரும் கொடையை எந்த ஆலயமும் வேண்டி நிற்பதில்லை.

திருவிழா முடிந்து இல்லம் திரும்பியதும் ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் மாலை ஒன்றாக அமரட்டும். நிலப்பட்டா, திருமணச் சான்றிதழ், சேமநிதி நியமனம், காப்புறுதிப் பத்திரம், கடன் விவரம் ஆகியவை ஒரே கோப்பில் சேரட்டும். அக்கோப்பு இருக்குமிடத்தை மனைவியும் பிள்ளைகளும் அறியட்டும். பின்னர் வழக்கறிஞர் ஒருவரின் துணையுடன் உயில் எழுதப்படட்டும். தந்தையின் சொல் எழுத்தில் இருக்கும் இல்லத்தில் பிள்ளைகள் வழக்கு மன்றத்தில் எதிரெதிரே நிற்க நேர்வது அரிது.

எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் அனைத்துக் குடும்பங்களிலும் ஒற்றுமை ஓங்குக!