முதலில் உட்காருங்கள்



1961-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 219 மருத்துவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. புற்றுநோய் என்று உறுதியானால் அதை நோயாளியிடம் சொல்வீர்களா? நூற்றுக்கு 90 பேர் சொல்லாமல் விடுவதையே விரும்பினார்கள். 1979-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் அதே கேள்வித்தாளைக் கொடுத்தபோது, 97 விழுக்காட்டினர் சொல்வதே சரி என்றார்கள். 18 ஆண்டுகளில் மருத்துவ உலகம் வாய் திறந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்பதைத்தான் யாரும் கற்றுத்தரவில்லை.

அந்தக் குறையைப் போக்க உழைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் பக்மன். இங்கிலாந்தில் பிறந்து டொரண்டோவில் பணியாற்றிய புற்றுநோய் மருத்துவர். கடும் நோயில் விழுந்து மீண்டவரும்கூட. 2000-இல் ஹூஸ்டன் மருத்துவர் வால்டர் பெய்ல் முதலியவர்களோடு சேர்ந்து, கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஆறு படிகளை வகுத்தார். தனிமையான இடம் பார்த்து உட்காருவது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது, வரும் அழுகைக்கும் கோபத்துக்கும் இடம் கொடுப்பது, அடுத்துச் செய்யவேண்டியதை இருவருமாகப் பேசி முடிவுசெய்வது. செய்தியைச் சொல்வது நான்காவது படியில்தான் வருகிறது.

இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும் என்பார்கள். வருவதில்லை. பிரிட்டனில் லெஸ்லி ஃபாலோஃபீல்டு குழுவினர் 34 மையங்களைச் சேர்ந்த 160 புற்றுநோய் மருத்துவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. மூன்று நாள் பயிற்சி பெற்றவர்கள், நோயாளியின் மனநிலையை அறிந்து பேசுவதில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். தையல் போடக் கற்பதைப் போல இதையும் கற்கலாம். 2019 முதல் இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு.

செவிலியர்களுக்கு பாஸ்டன் நகர வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸின் கதை நெருக்கமானது. 40 வயதில் நுரையீரல் புற்றுநோய். அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் முதலில் கறாராகக் கேள்வி கேட்ட செவிலி, அவருக்கு இரண்டு வயது மகன் இருப்பதை அறிந்ததும் குரல் தழைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷ்வார்ட்ஸ் 1995-இல் இறந்தார். அதற்குமுன் எழுதிய கட்டுரையில் அந்தச் செவிலியை மறக்காமல் குறிப்பிட்டார். பரிவான மருத்துவத்தை வளர்க்க ஒரு மையத்தையும் தொடங்கிவைத்தார்.

நம் மருத்துவமனைகளில் கதவோரமாக நோயாளியின் மகன் நிற்பார். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்." அவரை அதட்டத் தேவையில்லை, உடனே தலையாட்டவும் வேண்டாம். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க, தம்பி?" என்று கேட்டால் அவர் மனம் திறப்பார். பிறகு பெரியவரிடம், "ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க? ரிப்போர்ட்டை உங்ககிட்ட சொல்லவா, மகன்கிட்ட சொன்னாப் போதுமா?" என்று கேட்கலாம். மகனிடம் சொன்னால் போதும் என்றால் அது அவருடைய உரிமை. பெரும்பாலும், மகன் மறைக்க நினைப்பதை அப்பா எப்போதோ ஊகித்திருப்பார். மகன் வருந்துவாரே என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார்.

சொற்களிலும் கவனம் வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சையை மக்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். உடம்பில் மின்சாரம் பாயும் என்று பயந்து, மேசையில் படுக்கவே நடுங்குபவர்கள் உண்டு. "எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதாம்மா, ஷாக் அடிக்காது, கொஞ்ச நாள் கழிச்சுத் தோல் கறுக்கலாம், அதுக்கு மருந்து தருவோம்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னபின், "வீட்ல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டால், எது புரிந்தது, எது புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

வெளியே நீண்ட வரிசை நிற்கும்போது இதற்கு நேரமேது என்ற கேள்வி வரும். ஷ்வார்ட்ஸின் செவிலியும் ஓய்வாக இருந்தவர் அல்லர். அவர் கொடுத்தது சில நிமிடங்கள்தான்.

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, செவிலியர்களே, விரைவில் உங்களில் சிலர் புற்றுநோய் வார்டில் பணிக்குச் சேருவீர்கள். முதல் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு கட்டிலருகே போகும்போது கைப்பேசியை ஒலியடக்குங்கள். திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள்.