வழி விட்டால் போதும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. ஆனால் பார்க்கிங்கில் திரியும் தெருநாய்களைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்த பிறகு, ஒரு விலங்கு ஏன் கடிக்கிறது என்று கொஞ்சம் படித்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வங்கியில் பெரிய தொகைக்கான செக்கை பாஸ் செய்ய மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். ஆபத்து நேரத்தில் அலாரம் பொத்தானை அழுத்த யார் கையெழுத்தும் வேண்டாம். விலங்கின் மூளையிலும் அப்படி ஒரு அவசர ஏற்பாடு இருக்கிறது.

ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் வால்டர் ஹெஸ் என்ற விஞ்ஞானி, பூனைகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, சிறிதளவு மின்சாரம் செலுத்தினார். எதிரே நாயும் இல்லை, பேயும் இல்லை. ஆனாலும் பூனை முதுகை வளைத்து, ரோமம் சிலிர்த்து, சீறியது. மின்சாரத்தை நிறுத்தியதும் அடங்கிவிட்டது. மூளை பற்றிய ஆய்வுகளுக்காக 1949-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹைப்போதலாமஸிலிருந்தும், பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவிலிருந்தும் செய்தி நடுமூளையில் உள்ள ஒரு சாம்பல் நிறப் பகுதிக்குப் போகிறது. எலியில் அதன் மேல்பக்கத்தைத் தூண்டினால் எலி ஓடும், துள்ளும். கீழ்ப்பக்கத்தைத் தூண்டினால் அசையாமல் உறைந்து நிற்கும். ஓடுவதற்கு ஒரு வயரிங், உறைவதற்கு இன்னொரு வயரிங்.

எந்த நேரத்தில் எது வேலை செய்யும்? 2013-ல் யில்மாஸ், மைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள், சுண்டெலிகளின் தலைக்கு மேல் ஒரு திரையில் கரும்புள்ளியை வேகமாகப் பெரிதாக்கிக் காட்டினார்கள். பருந்து பாய்வது போல. எலிகள் பதுங்கிடத்துக்கு ஓடின, அல்லது உறைந்து நின்றன. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பதுங்கிடத்தை எடுத்துவிட்டுப் பயமுறுத்தினார்கள். அப்போது எலிகள் ஓடுவதைக் குறைத்துக்கொண்டு உறைந்து நின்றன. தப்ப இடம் உண்டா என்பதையும் மூளை கணக்கில் எடுக்கிறது.

இதை நம் வளாகத்துக்குக் கொண்டு வருவோம். சென்ற மாதம் மூன்று பேர் கம்போடு ஒரு நாயை விரட்டி, இரண்டு கார்களுக்கு நடுவே காம்பவுண்டு சுவரோரம் மடக்கினார்கள். நாய் அசையாமல் நின்றது. அடங்கிவிட்டது என்று நினைத்து ஒருவர் கிட்டே போனார். கையில் கடி விழுந்தது.

பயந்த விலங்கு உறையும், முடிந்தால் ஓடும். இரண்டும் பலிக்காமல் ஆபத்து மிக அருகே வந்தால் கடிக்கும். விறைத்து நிற்கும் நாய் சாதுவாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

எனவே சில வேண்டுகோள்கள். நாயை வெளியேற்றும்போது முதலில் கேட்டைத் திறந்து வையுங்கள். ஒரு பக்கமாக மட்டும் நின்று, அது போக வழி விடுங்கள். குட்டி போட்ட தாய் நாயின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். நாயைக் கண்டால் ஓடாமல், முறைத்துப் பார்க்காமல், மெதுவாக விலகச் சொல்லிக் கொடுங்கள். காவலாளிகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். கம்பைக் கொடுத்து அனுப்புவது நாம்தானே.

ஒரு எச்சரிக்கை. வெறிநோய் கண்ட நாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது காரணமே இல்லாமல் கடிக்கலாம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள்.