இந்த மலையில் நம்மவர் பெயர் எங்கே?

(லெம்பா பெர்த்தாமில் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் வாழும் மலைக்குக் கேமரன் என்று பெயர். வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டு நில அளவைக்காக இங்கு வந்த வெள்ளைக்காரர். அவருக்கு முன்பே இங்கு வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்களில் ஒருவர் பெயரும் மலைக்கு வைக்கப்படவில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பெயரும் வரலாற்றில் ஏறிவிட்டது. காட்டை வெட்டிச் சரிவிலே தேயிலைக் கன்று நட்ட நம் பாட்டன், பாட்டி பெயர் எங்கே? செக்ரோலில் ஒரு வரி. அந்தச் செக்ரோலும் இன்று யாரிடம் இருக்கிறது?

நம் நாட்டில் தமிழர் பெயர் பொது இடங்களில் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று ஜாலான் துன் சம்பந்தன். மலையிறங்கினால் ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. இருவரும் தகுதியுள்ளவர்கள். ஒருவர் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கித் துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் பணத்தில் வாங்க வழி செய்தவர். மற்றவர் ஈப்போ மக்களுக்காக நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வாதாடியவர். ஆனால் அந்தக் கூட்டுறவுக்குச் சிறுகச் சிறுகப் பணம் கட்டிய பால்மரத் தொழிலாளியின் பெயர் எந்தச் சாலையில் இருக்கிறது? தலைவராக இருந்தால்தான் பெயர்ப்பலகையா?

இலங்கை மலையகத்தைப் பாருங்கள். அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான், அங்கேயும் நம் சொந்தம்தான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு மாண்டவர் கோவிந்தன். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்ட நிலம் பறிபோவதை எதிர்த்தபோது சுடப்பட்டவர் சிவனு லெட்சுமணன். இருவரும் சாதாரணத் தொழிலாளிகள். மலையக மக்கள் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். தொழிலாளிக்கும் பெயர் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு பாடமும் இருக்கிறது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை, 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். 2010இல் அந்தச் சிறையை இடிக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த இடத்தில் பேரங்காடி நிற்கிறது. நினைவு நிற்க வேண்டுமானால் அதற்கு நிலம் வேண்டும். நிலம் நிற்க வேண்டுமானால் அதற்குச் சட்டப்படி தாள் வேண்டும்.

இதே பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 அக்டோபர் 23ஆம் தேதி சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் லெம்பா பெர்த்தாமைப் புரட்டிப் போட்டது. உயிர்கள் போயின. அவர்கள் பெயர்களை இங்குள்ள எத்தனை பிள்ளைகளால் சொல்ல முடியும்? நான் கேட்கும் நினைவுக்கல்லில் அவர்கள் பெயரும் வேண்டும், எந்த இனத்தவராக இருந்தாலும். நியாயம் கேட்கிற நாம் மற்றவரை விட்டுவிட்டுக் கேட்கக் கூடாது.

சரி, என்ன செய்வது? மூன்று வேலை.

முதலாவது, பெயர். நம் முன்னோர் நட்ட நடுகல்லில் இறந்தவன் பெயரும் அவன் செய்த செயலும் இருந்தன. அதே இரண்டைத் திரட்டுங்கள். பழைய அடையாள அட்டை, இறப்புச் சான்றிதழ், தொழிற்சங்க அட்டை, புகைப்படம் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். தாள் இல்லாத பெரியவர்கள், தாம் அறிந்ததைச் சத்தியப் பிரமாணமாக எழுதி ஆணையர் முன் கையொப்பமிடலாம். 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. எழுபது, எண்பது வயதானவர்களிடம் முதலில் போங்கள்.

இரண்டாவது, இடம். தோட்ட நிலத்தில் வைத்தால் அது முதலாளியின் நிலம். இன்றைய மேனேஜர் வாயால் சரி என்பார். நாளை நிலம் கைமாறினால் நம் கல்லும் போகும். கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் இந்தக் கதி வந்ததை எத்தனையோ தோட்டங்களில் பார்த்துவிட்டோம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, மாநில அரசு தன் நிலத்தைப் பொது நோக்கத்துக்காக ஒதுக்கி அரசிதழில் வெளியிடலாம். அப்படிப்பட்ட இடத்தைக் கேளுங்கள். கேட்காமல் அரசு நிலத்தில் கல் வைத்தால் ஆக்கிரமிப்புக் குற்றம் நம் மேல் விழும்.

மூன்றாவது, மனு. மாவட்ட மன்றத்துக்கும் நில அலுவலகத்துக்கும் மலாய் மொழியில் எழுதி, எல்லாக் குடும்பமும் கையொப்பமிட்டுக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கல்லில் மலாயும் தமிழும் இருக்கட்டும்.

“வீட்டுக்கே வழியில்லை, கல் எதற்கு?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீண்ட காலம் குடியிருந்தோம் என்பதால் மட்டும் நம் சட்டம் நிலப்பட்டா தராது. ஆனால் வீடு கேட்டு அதிகாரி முன் உட்காரும்போது, “நீங்கள் எப்போது வந்தீர்கள்?” என்றால், மூன்று தலைமுறையின் பெயரும் ஆண்டும் தாளும் நம் கையில் இருக்க வேண்டும். கல்லுக்காகத் திரட்டுகிற கோப்புதான் வீட்டுக்கும் உதவும். ஒரே உழைப்பு, இரண்டு பயன்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயரோடு வாருங்கள். பெயர், ஊர், செய்த வேலை, இறந்த ஆண்டு. படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். மனுவை நான் தயார் செய்கிறேன், கட்டணம் வேண்டாம்.