பெயர் மாறிய கோப்புறை

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1658ஆம் ஆண்டில். பின்னர் அவர்கள் இங்குள்ள தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. தீவு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயினும் பழைய ஒல்லாந்தப் படமொன்றை விரித்து அதில் அனலைதீவைத் தேடுபவன் அப்படியோர் ஊரே இல்லையென்று எண்ணிவிடுவான்.

கணினிக்குள்ளும் இவ்வாறே நிகழ்வதுண்டு. 2015இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட், நிரல் எழுதுவோர் பலர் கையாளும் கருவி. பிறர் ஆக்கிய நீட்சிகள் எனப்படும் துணைச் செயலிகளை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒரு சொல்லை நொடிப்பொழுதில் தேடித்தரும் ரிப்கிரெப் என்ற சிறு செயலியும் அதனுள்ளேயே அடங்கியுள்ளது. ஆண்ட்ரூ கலன்ட் என்பவர் ரஸ்ட் மொழியில் எழுதி 2016இல் வெளியிட்டது அது.

நீட்சி எழுதியோர் சிலர், தேடுவதற்கெனத் தாமும் ஒரு ரிப்கிரெப்பைச் சுமப்பானேன் என்று, கருவியின் உள்ளிருந்ததையே எடுத்தாண்டனர். விண்டோஸ், மாக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படி வேண்டியிருக்கும் என்பதை எண்ணினால் இச்சிக்கனம் குற்றமன்று. ஆனால் அது இருந்த கோப்புறையின் பெயரைத் தம் நிரலில் எழுத்துக்கு எழுத்து பொறித்துவிட்டனர். அப்பெயர் மாறாது என்று எவரும் அவர்களுக்கு வாக்களித்ததில்லை.

2022ஆம் ஆண்டளவில் அப்பெயர் மாறிற்று. விஎஸ்கோட்-ரிப்கிரெப் என ஒட்டி நின்ற ஒரே கோப்புறை, விஎஸ்கோட் என்னும் கோப்புறைக்குள் ரிப்கிரெப் என்னும் கோப்புறையாயிற்று. செயலி பழையதே. ஆயினும் நேற்றுவரை ஓடிய நீட்சிகள் செயலியைக் காணோமென்று நின்றுவிட்டன.

பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினால் போதுமென்று தோன்றும். போதாது. கருவியின் பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்போர் உளர். அவர்களிடம் பழைய பெயரே உண்டு. ஆகவே முதலில் புதிய பெயரில் தேடி, அங்கில்லையேல் பழைய பெயரில் தேடி, இரண்டிலும் இல்லையேல் பயனர் தாமே இடத்தைக் குறிப்பிட வழி வைப்பதே சரியான திருத்தம். ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் கய்ட்ஸ் என்பர். இரு பெயரும் அறிந்த படகோட்டிக்கு எவர் எப்பெயரால் கேட்டாலும் இடர்ப்பாடில்லை.

அனலைதீவு மாணவன் ஒருவனுக்கு இவ்விடர் நேர்ந்ததென்று கொள்வோம். நீட்சியை எழுதியவர் எக்கண்டத்தில் உறங்குகின்றாரோ! அவருக்காக அவன் காத்திருக்க வேண்டுவதில்லை. நீட்சியின் நிரல் அவனது கணினியிலேயே, அவனுக்குரிய கோப்புறையில், ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துகளாகக் கிடக்கின்றது. படியொன்று எடுத்து வைத்துக்கொண்டு, பழைய பெயர் வரும் வரியைத் தேடித் திருத்திக் கருவியை மூடித் திறந்தால் வேலை நடக்கும். ஆனால் நீட்சியின் அடுத்த பதிப்பு வந்திறங்குகையில் அத்திருத்தம் அழிந்துபோம்; ஆதலால் அதே வரியை அதன் ஆசிரியருக்கும் அவன் எழுதியனுப்ப வேண்டும்.