கற்பிக்க வந்தவருக்கும் ஒரு கை கொடுப்போம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் ஒழுங்குசெய்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பற்றி விழா முடிந்து தேநீர் குடிக்கும்போது எப்படியும் கேட்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே மேடையில் வேறொன்றைப் பேச அனுமதி கேட்கிறேன். பல்கலைக்கழகங்களில் இளம் பட்டதாரிகள் பார்க்கும் கற்பித்தல் வேலையைப் பற்றியது அது. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலர் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள், இப்போதும் செய்கிறார்கள்.

மருத்துவபீட இறுதிப் பரீட்சை முடிந்ததும் எங்களுக்கு உள்ளகப் பயிற்சி நியமனம் உடனே கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பலர் ஏதாவதொரு பீடத்தில் தற்காலிக டெமோன்ஸ்ரேற்றராகச் சேர்வது வழக்கம். மாணவர்கள் சுருக்கமாக “டெமோ” என்பார்கள். நானும் அப்படித்தான் உடற்கூற்றியல் துறையில் சேர்ந்தேன். எந்தப் பீடம் என்பது இங்கு தேவையில்லை. வியாழக்கிழமை கடிதம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை வெள்ளை அங்கியுடன் உடல் பிரித்தறியும் கூடத்தில் நின்றேன். முதலாம் வருட மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி நின்று என்னைப் பார்த்தார்கள். எப்படிக் கற்பிப்பது என்று அதுவரை எவரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

இரண்டாவது வாரம். அக்குள் பகுதியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளை மெல்லிய குரலில் தமிழில் கேட்டாள்: “அக்கா, இதில எது நாடி, எது நரம்பு எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?”

பதப்படுத்திய உடலில் எல்லாமே ஒரே நிறமாக இருக்கும். பாடப்புத்தகப் படத்தில் உள்ள சிவப்பும் நீலமும் மஞ்சளும் அங்கே இல்லை. எனவே அது மிக நல்ல கேள்வி. விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் நரம்பு உட்குழிவில்லாத கயிறு போலத் தட்டுப்படும். நாடி தடித்த சுவருள்ள குழாய். நாளம் மெல்லிய சுவருடன் தட்டையாகிக் கிடக்கும். இவ்வளவுதான் பதில். ஆனால் அன்று எனக்கு அந்த மேசையில் எது எது என்பதில் முழு நிச்சயம் இருக்கவில்லை. அது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தேன். பயத்தில் வாயில் வந்தது இது: “இதுவும் தெரியாமலா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பின் அந்தப் பிள்ளை என்னிடம் எதையும் கேட்கவில்லை. அடுத்த வாய்மொழிப் பரீட்சையில் சித்தியடையவில்லை. சில நாள் கழித்து நடைவழியில் தனியாகக் கண்டபோது, “அக்கா, நானும் நம்மட பள்ளிக்கூடம்தான். அதனாலதான் உங்களிட்டக் கேட்டன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு எனக்கு உள்ளகப் பயிற்சி நியமனம் வந்தது. ஊர் மாறிப் போய்விட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் கெட்டவளாக இருந்ததால் இது நடந்தது என்று நான் நினைக்கவில்லை. ‘எனக்கும் நிச்சயமில்லை, வாங்க சேர்ந்து பார்ப்போம்’ என்று ஓர் ஆசிரியர் சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. அதைச் சொல்லித் தர எவரும் இருக்கவில்லை.

எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கு ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. பேராதனை மருத்துவபீடத்தில் மருத்துவக் கல்விக்கான பிரிவொன்று 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1990களின் பிற்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஊழியர் விருத்தி நிலையம் உருவாகியது. பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் அத்தகைய நிலையங்கள் வந்தன. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேரும் ஒருவர் தனது பதவி உறுதிப்படுத்தப்படுவதற்கு, கற்பித்தல் தொடர்பான பயிற்சிநெறியொன்றை முடிக்க வேண்டும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிபந்தனை நிரந்தர நியமனத்துக்கு உரியது. சில மாதங்களுக்கோ ஒரு வருடத்துக்கோ வரும் தற்காலிக உதவி விரிவுரையாளரும் டெமோவும் பொதுவாக அதற்குள் அடங்குவதில்லை.

முதலாம் வருடப் பிள்ளைக்கு மிக அருகில் நிற்பவர் யார்? பேராசிரியர் மண்டபத்தின் முன்னால் நிற்கிறார். ஆய்வுகூடத்தில், வயலில், கணினி அறையில், சிறுகுழு வகுப்பில் பக்கத்தில் நிற்பவர் டெமோதான். தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கிலமொழி மூலமான பீடத்துக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் முதல் சந்தேகத்தை அவரிடம்தான் கேட்பார்கள். அந்த வாசலில் வைத்து ஒரு பிள்ளையை வரவேற்கவும் முடியும், திருப்பி அனுப்பவும் முடியும்.

இது எங்கள் ஊருக்குத் தூரமான விடயமும் அல்ல. 1981ஆம் ஆண்டு வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. எங்களுக்கு முந்திய தலைமுறை படிக்க ஊரைவிட்டே போக வேண்டியிருந்தது. இன்று வாவியின் இந்தப் பக்கமிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு, பட்டம் பெற்ற கையோடு அங்கேயே டெமோவாக நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே வகுப்பெடுக்கும் எங்கள் பிள்ளைகளும் இதே வேலையைத்தான் வேறு பெயரில் செய்கிறார்கள். அங்கே பல பல்கலைக்கழகங்கள் வகுப்புக்குள் அனுப்புமுன் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கின்றன.

பல வருடம் கழித்து, மேற்படிப்புக் காலத்தில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போனேன். நுண்கற்பித்தல் என்ற முறை. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சிக்காக உருவானது. சில நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். அதை வீடியோ எடுத்து எங்களுக்கே போட்டுக் காட்டுவார்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன். கண் இமைக்குமுன் நானே பதிலும் சொல்லிவிட்டேன். இப்படியே நாலு முறை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் இதையே ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவில்தான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று செக்கன் காத்திருந்தால் மாணவர்களின் பதில் நீளமாகவும் ஆழமாகவும் வருகிறது என்றும் கண்டார். மூன்று செக்கன்! அதற்குப் பணமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். ஒருவர் சொல்லித் தந்தால் போதும்.

செய்முறை கற்பிக்க மருத்துவக் கல்வியில் பெய்ற்றன் என்பவரின் நாலு படி முறை பிரபலம். முதலில் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டாவது, மெதுவாக விளக்கிச் செய்வது. மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது. நாலாவது, மாணவரே சொல்லிக்கொண்டு செய்வது. இதைக் கேட்டதும் எனக்கு என் அம்மம்மா பாய் இழைக்கக் கற்றுத் தந்தது ஞாபகம் வந்தது. “இப்ப நீ சொல்லு, நான் இழைக்கன்” என்பார். அவர் எந்தப் பட்டறைக்கும் போனதில்லை.

இந்தச் சபையில் பல்கலைக்கழகத்தில் பொறுப்பான பதவிகளில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஐந்து வேண்டுகோள்.

முதலாவது, டெமோவை வகுப்புக்கு அனுப்புமுன் அந்தச் செய்முறையை அவரையே ஒருமுறை செய்ய வையுங்கள். எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் கிடைத்திருந்தால் நாடியும் நரம்பும் குழம்பியிருக்காது.

இரண்டாவது, பரீட்சைத் தாள்களைக் கட்டோடு கொடுத்துவிடாமல், முதல் ஐந்தையும் பக்கத்தில் இருந்து சேர்ந்து திருத்துங்கள். ஒரே பதிலுக்கு நீங்கள் ஏழும் அவர் நாலும் போட்டால் ஏன் என்று பேசுங்கள். பாதிக்கப்படுவது ஒரு பிள்ளையின் பெறுபேறு.

மூன்றாவது, தவணையில் ஒருமுறையாவது அவர் வகுப்பில் பின்வரிசையில் இருந்து பாருங்கள். நல்லதை முதலில் சொல்லி, திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

நாலாவது, எல்லை எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். நேற்றுவரை விடுதியில் அக்காவாக, அண்ணனாக இருந்தவர் இன்று புள்ளி போடுகிறார். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் யாரிடம் கூட்டிப் போக வேண்டும் என்று டெமோவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த டெமோ ஒரு பெண் பிள்ளையாக இருந்து, அவருக்கே தொல்லை வந்தால் யாரிடம் போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, அவர் போகும்போது என்ன கற்பித்தார், எப்படிக் கற்பித்தார் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு தாள் பெரிய உதவி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “நிரந்தரமான வேலை கிடைக்கும்வரை சும்மா இதில நிக்கிறாள்” என்று மகளைப் பற்றிச் சொல்லாதீர்கள். அவள் சும்மா நிற்கவில்லை. முப்பது நாற்பது பிள்ளைகளின் முதல் வருடம் அவள் கையில் இருக்கிறது.

எங்கள் சங்கத்துக்கு எனது பிரேரணை சிறியது. வருடத்தில் ஒரு சனி, ஞாயிறு. அவ்வருடம் டெமோவாகவோ தற்காலிக விரிவுரையாளராகவோ சேரும் பழைய மாணவிகளை இதே மண்டபத்துக்கு அழைப்போம். முதல் நாள் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பாடம் எடுக்கட்டும். தொலைபேசியிலேயே பதிவுசெய்து பார்ப்போம். அடுத்த நாள் புள்ளியிடல் பற்றியும் சங்கடமான சூழ்நிலைகள் பற்றியும் பேசுவோம். கேட்டிருக்கும் மாணவிகளாக எங்கள் உயர்தர வகுப்புத் தங்கைமார் இருக்கட்டும். அவர்களுக்கும் பல்கலைக்கழகப் பயம் கொஞ்சம் தெளியும். நடத்தித் தர இச்சபையில் ஆசிரியர் கலாசாலைகளில் பணியாற்றிய அக்காமாரும் விரிவுரையாளர்களும் இருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு மணித்தியாலம் சூமில் வந்தால் போதும். செலவு சாப்பாடும் தேநீரும்தான். முதல் வருடச் செலவை நான் ஏற்கிறேன்.

சுவாமி விபுலானந்தர் துறவு பூணுமுன் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். பின்னர்தான் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். கல்லடியில் அவர் நினைவு நிலைத்திருக்கும் இந்த மண்ணில், கற்பித்தலும் படித்துப் பழக வேண்டிய ஒரு தொழில் என்று நாங்கள் சொன்னால் எவரும் வியப்படைய மாட்டார்கள்.

இந்த உரை நூற்றாண்டு மலரில் வரும் என்றார்கள். மலர் எங்கெல்லாமோ போகும். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளிடமும் இது போய்ச் சேர்ந்தால் ஒன்று சொல்ல வேண்டும்: தங்கை, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. என் பதில்தான் பிழை. என்னை மன்னியுங்கள். முடிந்தால் அந்தச் சனி, ஞாயிறுக்கு நீங்களும் வாருங்கள்.